ரோஸ் நிறத்தில் ஏழாம் எண்

விடியற்காலையில், அரிமளம் பக்கத்து ஊருணி ஒன்றிலிருந்து அந்த வலைப்பை மேலே வருவது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தண்ணீர் சொட்டச் சொட்ட, அவசரமே இல்லாமல் வரும். அல்லி இலைகளுக்கு நடுவே வெயில் மெல்ல இறங்கும். குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம்கூடத் தூக்கத்தில் கேட்பதுபோல இருக்கும். பைக்குள் இருபது நத்தைகள். ஒவ்வொன்றின் ஓட்டிலும் நான் சிவப்பு நகப்பூச்சால் எழுதிய எண். தண்ணீர் கெட்டால் மனிதருக்கு முன்னே நத்தைக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் என் ஆராய்ச்சி. வாரம் ஒருமுறை புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருவேன். ஊருணிக் காவல்காரர் பையைத் தூக்கித் தருவார். செருப்போடு படியில் கால் வைக்கிறவர்களை வாயாலேயே விரட்டுகிற மனிதர். என் நத்தைகளிடம் மட்டும் அப்படி ஒரு பரிவு. மூன்று மாதமாக ஒன்றுகூடச் சாகவில்லை. தங்கமான தண்ணீர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் ஏழாம் எண் ரோஸ் நிறத்தில் இருந்தது. எழுத்தும் என்னுடையதில்லை. கேட்டதும் அவர் மறைக்கவில்லை. செத்ததையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, வேறு கண்மாயில் உயிரோடு பிடித்து, பேறுகாலத்துக்கு வந்திருந்த மகளின் நகப்பூச்சை வாங்கி எண் போட்டு விட்டிருக்கிறார். இத்தனை நாள் சிவப்பு இருந்ததாம், அது தீர்ந்துபோயிற்றாம்.

"செத்துப்போனா ஒங்க படிப்பு கெட்டுப்போயிருமேன்னுதாம்மா," என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நத்தை செத்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தெரிந்துகொள்ளத்தானே விட்டேன் என்று கத்தினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எம்மக இந்தத் தண்ணியத்தானேம்மா குடிக்கிது," என்றார்.

கோபம் அப்படியே வடிந்துவிட்டது. மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அவரிடம் இதை நான் சொல்லவில்லையே. இவருக்கு என்ன புரியப்போகிறது என்ற திமிர், வேறென்ன.

அவர் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்க் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து, படியில் குறுக்கே நின்றார். தண்ணீர் எடுக்க வந்த பெண்களிடம், "எடுக்காதீங்க தாயி. நத்தை செத்துச்சு, நாந்தான் மறைச்சுட்டேன்," என்றார். அவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மேட்டுத் தோப்பில் பூச்சிமருந்து டேங்க் கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியே வந்ததைப் பிறகு கண்டுபிடித்து அடைத்தார்கள். பேரப்பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. இப்போது என் மாணவர்களோடு எத்தனையோ குளங்களில் நத்தை விடுகிறேன். கரையில் யார் நின்றாலும், எதற்கென்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பையை இறக்குகிறேன். அன்று அந்தப் படியில், தப்பு என்மேலும்தான் என்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவர் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.