தட்டு வைத்து அழைத்த மாநாடு

தஞ்சாவூரில் வெப் டெவலப்பர்களுக்கு ஒரு மாநாடு நடத்தலாம் என்று நண்பர்கள் நாலு பேர் கிளம்பினோம். எல்லோருக்கும் சென்னையில் வேலை, சனி ஞாயிறு மட்டும் ஊர். ஆடி மாதம் என்பதால் கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. "மாநாடா? எந்தக் கட்சிங்க?" என்று கேட்ட மேனேஜருக்கு விளக்கம் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

பெங்களூரிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் பேச வருவதாக இருந்தது. ஆனால் நான் மலைபோல் நம்பியிருந்தது, திருவாரூரைத் தாண்டிக் கடலோர ஊரில் இருந்த ஒரு பெண்ணை. கணவர் வளைகுடாவில். இவர் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு இணையதளம் செய்துகொடுப்பவர். அங்கே கணவர் தங்கியிருக்கும் அறையில் சிக்னல் மகா மோசம். அங்கேயும் சட்டென்று திறக்க வேண்டும் என்றே ஒவ்வொரு பக்கத்தையும் செய்வார். மேடை ஏறியதே இல்லை. ஊரில் இருந்துகொண்டே இந்த வேலையைச் செய்யலாம் என்று காட்ட அவரை விட்டால் வேறு யார்? அவர் இல்லையென்றால் மாநாட்டைப் பெங்களூரிலேயே நடத்தித் தொலைக்கலாம்.

ஒரு வாரம் இருக்கும்போது, "வர முடியலைங்க, மன்னிச்சுக்குங்க" என்று செய்தி அனுப்பினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. போன் போட்டுக் காரணம் கேட்டேன்.

"மாமாவும் மாமியும் வருத்தப்படுறாங்க. நம்ம வீட்டுப் புள்ள பேசுது, நமக்கு ஒரு அழைப்பு இல்லையாங்குறாங்க."

இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாமே என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, மூடிக்கொண்டேன். நாங்களும் டெல்டாக்காரர்கள்தானே. நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் யார் போயிருக்கிறார்கள்?

மறுநாளே நால்வரில் இன்னொரு நண்பரும் நானும் பஸ் ஏறினோம். கையில் தட்டு, அதில் பழம், கற்கண்டு, அவசரமாக அச்சடித்த அழைப்பிதழ். மாமனார் துணிக்கடை வைத்திருப்பவர். அழைப்பிதழை ஒரு வரி விடாமல் படித்து, மருமகள் பெயர் இருந்த இடத்தை மாமியாருக்குத் தொட்டுக் காட்டினார். "வேன் வச்சு வர்றோம், போதுமா?" என்றார். சாப்பிடாமல் எங்களை விடவில்லை.

சொன்னபடியே வேனில் வந்து முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மேடையேறி, திரையில் மாமனாரின் துணிக்கடைக்குத் தான் செய்த இணையப் பக்கத்தைத் திறந்தார். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் குரல் கம்மி நின்றுவிட்டது.

முன்வரிசையில் மாமனார் எழுந்தார். "ஏம்மா, வெள்ளிக்கிழமை லீவுன்னு போட்டிருக்கே? தொழுகை முடிஞ்சதும் கடையைத் தொறந்துடுறோம்ல?"

மண்டபமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். "இப்பவே மாத்துறேன் மாமா" என்று எல்லோர் கண்முன்னும் மாற்றினார். எப்படி மாற்றினார், பக்கம் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்க, அதன்பின் பேச்சு மடை திறந்துகொண்டது.

மாமனாருக்குத் திருப்தி இல்லை. "இங்க மாறிடுச்சு. அங்க?" என்று வளைகுடாவில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தெரியுது அத்தா" என்றது குரல். "வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை உண்டுன்னு போட்டிருக்கு. யாரு மாத்துனா?"

"நம்ம வீட்டுப் புள்ளதான்" என்றார் மாமனார், போன் தேவைப்படாத சத்தத்தில். "மண்டபம் நெறைய ஆளு பாக்க, மேடையில நின்னு மாத்துச்சு."