களிமண் வைத்து அடைத்த துளை

சந்தனம் என்றாலே குளிர்ச்சி, சாந்தம் என்று பேசுகிறவர்களை மம்சாபுரத்துக்குக் கூட்டிவந்து, என் மதினி இருளம்மாளின் மண்டைத் தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த மரமே ஒரு திருட்டு மரம். பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைக் குத்தி உறிஞ்சித்தான் வளரும்.

எங்கள் தோப்பில் அதை நட்டவர் என் அண்ணன் சங்கையா. அதன் வாசத்தை முகர அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதே தோப்பில் காட்டுப்பன்றி அவர் வயிற்றைக் கிழித்துப் போட்டது. மரத்தில் வாசம் வந்துவிட்டதா என்று பார்க்கும் வெறி அன்றைக்குப் பிடித்தது மதினிக்கு.

நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள். "வெளிக்கட்டை மணக்காது மதினி. உள்ள வைரம் பாயணும், அதுலதான் சாண்டலால்னு ஒரு எண்ணெய் ஊறும். பொறுங்க" என்றேன். எங்கே கேட்டாள்? உளியை வைத்து ஆழமாகக் குடைந்து முகர்ந்துவிட்டு, அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"மணக்குதுட்டி!"

துளையைக் களிமண் வைத்து அடைத்தாள். சாண்டலால் கனமான சரக்கு, லேசில் காற்றோடு போகாது. களிமண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வைகுண்டராஜ் என்ற மரத்திருடன் பட்டப்பகலில் பேட்டரி டிரில்லும் கோடாலியுமாக வந்தான். டிரில்லைக் கொஞ்சம் இறக்கினான். வெள்ளைத் தூள்தான் வந்தது. முகர்ந்தான், ஒன்றுமில்லை.

"ஏலே, அது வெறும் கட்டை. போயிரு" என்றாள் மதினி.

போகத்தான் திரும்பினான். களிமண் கண்ணில் பட்டது. சுரண்டி முகர்ந்தவன் சிரித்துக்கொண்டே கோடாலியை ஓங்கினான். மதினி குறுக்கே பாய்ந்தாள். அவள் பின்மண்டையில் கோடாலிக் காம்பால் ஒரே போடு. விழுந்தவள் எழுந்து, பக்கத்தில் கிடந்த அரிவாளால் அவன் மணிக்கட்டைக் கொத்தினாள். எலும்பு தெரிய அலறிக்கொண்டு ஓடினான். நான் போனபோது அடிமரமெல்லாம் ரத்தம். மரத்தைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தாள்.

மண்டை ஆறியது. வாசனை அறியும் சக்தி போய்விட்டது. அடித்த அதிர்ச்சியில் மூக்கு நரம்பு அறுந்துவிட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். மீன் குழம்பும் சாணமும் அவளுக்கு இப்போது ஒன்றுதான். அவனை ஜெயிலில் போட்டு என்ன?

நேற்று அந்தத் துளையில் மூக்கை வைத்து வெகுநேரம் நின்றாள்.

"நான் சொன்னப்பவே பொறுத்திருந்தா அவன் கண்டுபிடிச்சிருக்க மாட்டான் மதினி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"போடி. அவன் இல்லேன்னா இன்னொருத்தன் வருவான். அன்னைக்கே மோந்துட்டேன், ஒங்கண்ணனுக்கும் சேத்து" என்றவள், என் கையைப் பிடித்து இழுத்தாள். "இப்பவும் மணக்குதான்னு பாத்துச் சொல்லு."

குனிந்து முகர்ந்தேன். மணந்தது. அழுதுகொண்டே, "மணக்குது மதினி" என்றேன்.