செப்பலியின் விலாசம்

ஒரு மீனைப் பார்த்தவுடனே அது எங்கே குடியிருந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாதென்றால் நிம்மதியாக இருங்கள். திருகோணமலையில் எங்கள் கரையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மீன் வீட்டுக்கு வராது.

அப்பாவிடம் ஒரு தோணியும் கடற்படை கொடுத்த ஒரு பாஸும் இருக்கின்றன. பாஸ் இருந்தால் துறைமுகக் குடாவுக்குள், மிதவைக்கு இந்தப் பக்கம் மட்டும் தூண்டில் போடலாம். அந்தப் பக்கம் கற்பாறைகள். அங்கே போனால் பாஸ் பறிபோகும். பாஸ் போனால் எங்கள் அடுப்பும் அணையும். கரைக்கு வந்ததும் சென்றிக் காவலரணில் கூடையைத் திறந்து காட்ட வேண்டும். சண்டையால் கம்பஸ் மூடிக் கிடக்கிறது. ஆகவே தினமும் விடிய அங்கே போய் நின்று அப்பாவின் தமிழைச் சிங்களமாக்குவது என் வேலை. விலங்கியல் படிக்கப் போனவளுக்குக் கிடைத்த உத்தியோகம். கொட்டாவி விட்டபடியே பார்த்தேன்.

அன்றைக்குக் கூடையில் ஒரே ஒரு செப்பலி. செம்பு நிறம், என் கை நீளம். சென்றியில் நின்றவன் தெற்குக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். மற்றவர்கள் கூடையைக் கிளறிவிட்டுப் போகச் சொல்வார்கள். இவன் குந்தியிருந்து செவுளைத் தூக்கிப் பார்த்தான்.

"நங்கி, இவ்வளவு பெரிய தம்பலயா கல்லுக்குள்ளதான் இருக்கும்," என்றான் சிங்களத்தில். நங்கி என்றால் தங்கச்சி; தம்பலயா என்றால் செப்பலி. "அப்பா மிதவையைத் தாண்டினவரா?"

அவன் சொன்னது பிழையில்லை. செப்பலிக் குஞ்சுகள் கண்டல் மர வேர்களுக்குள் வளரும்; பெருத்ததும் வெளியே பாறைக்குப் போய்விடும். நான் பரீட்சையில் எழுதியதும் அதுதான்.

"தாண்டேல்லை எண்டு சொல்லு, பிள்ளை. மிதவைக்கு இஞ்சால, கண்டல் வாய்க்கால் வாசலிலதான் பிடிச்சனான்."

"இவ்வளவு பெரிசு அங்க எப்பிடியப்பா?"

"நீயும் அவன்ர பக்கமோ? கன காலமா ஆர் அங்க தூண்டில் போட்டது? பிடிக்க ஆளில்லாட்டி அது ஏன் வீடு மாறப் போகுது?"

அதையும் சிங்களமாக்கினேன். அவன் சிரிக்கவில்லை. "அப்ப வயிற்றைக் கீறிப் பார்ப்பம்."

"கீறின மீனை லிங்கநகர் யாவாரி தொடமாட்டான் எண்டு சொல்லு."

"பாஸ் போனா யாவாரி என்னத்துக்கு அப்பா? கீறட்டும், விடுங்கோ."

அப்பாவின் கத்தியையே வாங்கிக் கீறினான். உள்ளே அரைகுறையாகச் செமித்த சிவந்த நண்டுக் கால்கள். கண்டல் சேற்றில் ஓடித் திரியும் சின்ன நண்டு அது. பாறைப் பக்கம் தலைகாட்டாது. அவன் ஒரு காலை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தான். பிறகு கத்தியைக் கடல் தண்ணீரில் கழுவிக் கொடுத்தான்.

"அப்பா சொன்னது சரி, நங்கி."

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா கூடையைத் தட்டினார். "வயித்துக்குள்ள சாட்சியோட வந்த மீன். நாங்களே வைச்சுத் திம்பம்." அம்மா நிறையப் புளி விட்டுக் காய்ச்சினாள். மீன் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் விடிய வாய்க்கால் வாசலுக்குக் குறுக்கே கயிறு. கயிற்றில் பீப்பாய்கள் மிதந்தன. அதே ஆள்தான் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா கல்லுக்குப் போகேல்லை எண்டுதான் நான் மேலதிகாரியிட்டச் சொன்னனான். அப்ப எங்க போனவர் எண்டு கேட்டாங்கள். கண்டல் எண்டன். அது அடர்த்தியான காடாம், ஆரும் ஒளிக்கலாமாம்."

அதைத் தமிழில் சொன்னேன். அப்பா தோணி விளிம்பில் குந்திவிட்டார்.

"அப்ப இனி எங்க போடுறதாம்?"

அவனிடம் கேட்டுச் சொன்னேன். "மிதவைக்கு இஞ்சால. வாய்க்காலுக்கு அங்கால."

"அங்க வெறும் மணல், பிள்ளை."

இதைச் சிங்களமாக்க எனக்கு அலுப்பாக இருந்தது. அவனும் கேட்கவில்லை. பிறகு அப்பா தூண்டிலைச் சுற்றி எடுத்துக்கொண்டார்.

பாஸ் பத்திரமாக அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. இப்போது அவர் சந்திக் கடைக்கு டின்மீன் வாங்கப் போயிருக்கிறார்.