மாமாவின் தண்டால் வைத்தியம்

மலாயாவில், காஹாங் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலே வராத ஆளைக் காட்டச் சொன்னால், எல்லாரும் என் தாய்மாமாவைத்தான் காட்டுவார்கள். அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். விடிவதற்கு முன்பே வாசலில் தண்டால் எடுப்பார். வெறும் உடம்போடு எடுத்தால் போதாதென்று முதுகில் என்னை உட்கார வைத்துக்கொள்வார். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சவாரி கிடையாது.

அவருடைய நம்பிக்கையை வெறும் வீம்பு என்று சொல்லிவிட முடியாது. மற்றவர்களுக்குப் பால் வெட்டும் கத்தி கீறினால் புண் வீங்கிச் சீழ் பிடித்துவிடும். மாமாவுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும். லயமே இருமிக்கொண்டு கிடக்கும்போது அவர் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போவார். தினமும் உடம்பை வேலை வாங்கினால் அது நோயை எதிர்த்து நிற்கும் என்று இன்று டாக்டர்களும்தான் சொல்கிறார்கள். மாமா அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார், அவ்வளவுதான்.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், காய்ச்சல் வராமலிருக்க எல்லாருக்கும் கொயினாத் தண்ணீர் கொடுப்பார்கள். மருந்து கொடுக்கும் டிரெஸரின் கண்முன்னாலேயே குடித்தாக வேண்டும். மாமா அதை வாயில் அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்பிவிடுவார்.

“இந்தக் கசப்பெல்லாம் சோம்பேறிங்களுக்கு. நமக்கு எதுக்குக்கா?” என்பார் அம்மாவிடம்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. பல் கிட்டிக்கொள்ள நடுங்கினார். பிறகு உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாமாவோ எழுந்துபோய்த் தண்டால் எடுக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் வேர்த்து ஊற்றியது, உடம்பும் குளிர்ந்தது.

“பாத்தியா தாயி, வேர்த்துச்சுன்னா காச்ச ஓடிரும்!” என்று என்னைத் தூக்கிச் சுற்றினார்.

மலேரியா தன்பாட்டுக்கு வேர்த்து இறங்கும், பிறகு மறுபடியும் ஏறும் என்பதெல்லாம் எங்களில் யாருக்குத் தெரியும்? அது ஏறும்போதெல்லாம் மாமா தண்டால் எடுத்தார், இறங்கும்போதெல்லாம் ஜெயித்தார். வேறு சில ஆண்களும் மருந்தைத் துப்பிவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார்கள். எங்கள் வாசல் ஒரு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது.

செய்தி டிரெஸர் காதுக்குப் போனது. யாழ்ப்பாணத்துக்காரரான அவர் மாமாவைப் படுக்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது.

“உள்ளுக்கு நல்லா வீங்கிக் கிடக்கு. கொஞ்ச நாளைக்கு உந்தத் தண்டாலை விடும். மருந்தைக் குடியும்” என்றார்.

மாமா பவ்யமாகத் தலையாட்டினார். மறுநாள் விடியும்போது வாசலில் குனிந்து, “ஏறு தாயி” என்றார்.

ஏறினேன். கொஞ்சம்தான் எடுத்திருப்பார். தொண்டைக்குள் ஏதோ அடைத்ததுபோல ஒரு சத்தம் வந்தது. அப்படியே குப்புற விழுந்தார். நான் மண்ணில் உருண்டேன். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆட்கள் ஓடிவந்து அவரைப் புரட்டிப் போட்டபோது அரண்டுபோனேன். அந்தக் கறுத்த முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. வீங்கியிருந்த மண்ணீரல் உள்ளேயே வெடித்துவிட்டது என்பது நான் வளர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

யாரோ மாட்டுவண்டி கட்ட ஓடினார்கள். டிரெஸர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையை மெல்லக் கீழே வைத்தார். அம்மா தம்பியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, “டேய், கண்ணத் தெறடா, அக்காவப் பாருடா!” என்று அலறினாள். தோட்டத்திலேயே பலசாலியான மனிதர், முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டக்கூடக் கை தூக்காமல் கிடந்தார்.

பயந்து பயந்து அவர் நெற்றியில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. முத்து முத்தாக வேர்த்திருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அழாதம்மா, மாமாவுக்கு வேர்த்துருச்சு!”