தோளில் வந்த பக்கி

விருத்தாசலம் கடைத்தெருவில் போய் சனாவுல்லா என்று கேட்டால் எந்த சனாவுல்லா என்று திருப்பிக் கேட்பார்கள். பக்கி பாய் என்று கேளுங்கள், டீக்கடையில் நிற்கிறவன்கூட வழி காட்டுவான். காட்டும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பும் வரும். பக்கி என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பந்தியில் அடுத்தவன் இலையைப் பார்க்கிறவனை அப்படித்தான் திட்டுவோம். சனாவுல்லா சாப்பாட்டுக்கு அலைந்தவன் இல்லை. அவன் அலைந்ததெல்லாம் இரும்புக்குத்தான்.

பீங்கான் பட்டறை ஒன்றில் அவன் ஃபிட்டர். களிமண் அரைக்கிற பெரிய உருளை நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். காதை வைத்துக் கேட்டே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். அவனை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டதும், பிறகு தன் மகள் ஜைத்தூன் பீவியைக் கட்டிக்கொடுத்ததும் சாக்குக்கடை முகம்மது இஸ்மாயில். சொந்தத்தில் நல்ல நல்ல இடமெல்லாம் வந்தும், கைவேலை தெரிந்த பிள்ளை போதும் என்று சொல்லிவிட்ட மனுஷன்.

கைவேலை கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது என்பதுதான் ஜைத்தூனின் குறை. சைக்கிளில் மோட்டார் வைக்கிறேன் என்று ஆரம்பித்து வீட்டுக் கூரையில் பாதியைக் கொளுத்தினான். தண்ணி இறைக்க மெஷின் செய்கிறேன் என்று கிணற்றுக்குள் ஒரு மூட்டை இரும்பைப் போட்டான். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கடைசியில் அவள் தகப்பனை உட்காரவைத்துக்கொண்டு சத்தியம் வாங்கினாள். இனி வீட்டுக்குள் ஒரு துண்டு இரும்பு வராது என்று சனாவுல்லாவும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "வுடும்மா, சூதாடுறானா, குடிக்கிறானா, இரும்பத்தானே தூக்கியாறான்" என்று அப்போதும் மருமகனுக்காகப் பரிந்து பேசியவர் இஸ்மாயில்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதம் இஸ்மாயில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மகன் அவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கூடவே தங்கினான். நாலு நாளாகச் சேதி இல்லை. ஜைத்தூனுக்கு அது ஏழாம் மாசம், பஸ்ஸில் போக முடியாது. "நீங்க ஒரு எட்டு போயி அத்தாவ பாத்துட்டு வாங்க. என்னப் பத்தி கேட்டாருன்னா நல்லா இருக்கேன்னு சொல்லுங்க" என்று சொல்லி, ஒரு தூக்கில் கஞ்சியும் ஊற்றிக் கொடுத்தாள். சனாவுல்லா சரி என்றான்.

அதே வாரத்தில்தான் அவன் காதில் இன்னொரு சேதியும் விழுந்திருந்தது. நெய்வேலியில் வேலை பார்த்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர் தன் ஊரிலிருந்து பக்கி என்கிற, மணலில் ஓட்டும் கூரையில்லாத குட்டிக் கார் ஒன்றைப் பகுதி பகுதியாக வரவழைத்து, தானே பூட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தாராம். பூட்டுவதற்குள் ஊருக்குத் திரும்ப உத்தரவு வந்துவிட்டது. மற்றதை எல்லாம் ஆள் ஆளுக்கு வாங்கிப் போக, வண்டியின் அடி இரும்புச் சட்டம் மட்டும் அவருடைய சமையல்காரர் கலியமூர்த்தியிடம் கிடக்கிறது, அதையும் இந்த வாரம் காயலான் கடைக்குத் தள்ளப்போகிறார் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள்.

புதுச்சேரிக்குப் போகிற வழியில்தானே நெய்வேலி, இறங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். இப்படித்தான் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் பார்வை பார்க்கப் போகிறவன் தன்னோடு வேலை செய்கிற விருத்தகிரியை எதற்காகக் கூட்டிப் போனானாம்?

கலியமூர்த்தி அந்தச் சட்டத்தின் மேல் பூசணிக்கொடி ஏற்றிவிட்டிருந்தார். சனாவுல்லா கொடியை விலக்கினான். ஆள் நீளத்துக்கு மேலேயே நீளம், மூணடி அகலம், நடுவில் வில்லாக வளைந்து இரண்டு குழாய்கள். குழாயைப் பற்றவைத்திருந்த ஒவ்வொரு இடத்தையும் விரலால் தடவினான், ஸ்பேனரால் தட்டிக் கேட்டான். ஓர் இடத்தில்கூட சத்தம் பிசகவில்லை. கண்ணில் தண்ணி வராத குறை. இஞ்சின் எங்கிருந்து வரும், சக்கரம் எங்கிருந்து வரும் என்று விருத்தகிரி கேட்டதெல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை. கையிலிருந்ததைக் கொடுத்து முடித்தான். கஞ்சித் தூக்கைக்கூட அங்கேயே திறந்து இரண்டு பேருமாகக் குடித்துவிட்டார்கள். அந்த அரை நாளில் மாமாவின் நினைப்பு அவனுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. பிற்பாடு எத்தனையோ சொல்லி அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டான். இது ஒன்றை மட்டும் அவனால் தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சட்டத்தை குயவர் தெருவில் விருத்தகிரியின் வீட்டுச் சூளைக் கொட்டகையில் மறைத்து வைப்பது என்று ஏற்பாடு. யார் கண்ணிலும் படக்கூடாது என்று சனாவுல்லா கேட்டுக்கொண்டதால், கலியமூர்த்தி துரை வீட்டு ஜன்னல் திரையை எடுத்துப் போர்த்திக் கட்டிக்கொடுத்தார். நல்ல கனத்த பச்சைத் துணி. பாசஞ்சர் ரயிலில் கார்டு பெட்டியில் ஏற்றி, சாயங்காலம் ஜங்ஷனில் இறக்கினார்கள். மாசி மகத்துக்கு வந்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டிகள் எல்லாம் மணிமுத்தாற்றுப் பக்கம் போய்விட்டிருந்தன. இரண்டு போர்ட்டர்களைக் கூப்பிட்டு, முன்னால் இவர்கள் இரண்டு பேர், பின்னால் அவர்கள் இரண்டு பேர், தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

இப்போது இதைத் தெருவிலிருந்து பாருங்கள். பச்சைத் துணி போர்த்தியிருக்கிறது. நடுவில் வில்லாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாலு பேர் தோளில் வருகிறது. முன்னால் வருகிறவன், மாமனாரைப் பார்க்கப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான் என்று ஊருக்கே தெரிந்த சனாவுல்லா. அவன் முகம் வேறு திருடன் முகமாகத் தொங்கிப்போயிருக்கிறது.

பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜவுளிக்கடை ஷபியுல்லா முதலில் பார்த்தார். இஸ்மாயிலும் அவரும் சின்ன வயசிலிருந்து கூட்டாளிகள். செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்து, போர்ட்டரை விலக்கித் தன் தோளைக் கொடுத்தார். இறந்தவரைச் சுமந்து வருகிற சந்தூக்குப் பெட்டியும் இப்படித்தான் பச்சை போர்த்தி வில்லாக இருக்கும். மய்யித்தைக் கண்டால் நாலு எட்டாவது தோள் கொடுக்காமல் எந்த முஸ்லிமும் போகமாட்டான். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். போர்ட்டர்கள் கூலி கிடைத்துவிட்ட மாதிரி ஒதுங்கிக்கொண்டார்கள்.

"எப்ப மவுத்து?" என்று ஷபியுல்லா பின்னாலிருந்து கேட்டார்.

அந்த ஒரு நிமிஷம் சனாவுல்லாவின் கையில் இருந்தது. இது மாமா இல்லை, இரும்பு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நீ புதுச்சேரிக்குப் போகவில்லையா என்றுதான் அடுத்த கேள்வி வரும். விருத்தகிரி பக்கத்திலிருந்து "சொல்லிடுய்யா" என்று பல்லைக் கடித்தான். சனாவுல்லா மாட்டேன் என்று தலையை ஆட்டினான். குயவர் தெரு முனை வரட்டும், அப்படியே திரும்பிவிடலாம் என்று ஒரு கோணல் கணக்கு. அவன் வாய் திறக்காததைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு ஷபியுல்லா விம்ம ஆரம்பித்தார்.

கடைகளைப் பாதிப் பாதியாகச் சாத்தினார்கள். மளிகைக்கடை ராஜாங்கம் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். பானை அடுக்கி வைத்திருந்த பெண்கள் ஓரமாக நகர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். பின்னால் கலிமா சொல்லிக்கொண்டு முப்பது நாற்பது பேர். அந்தச் சத்தம் காதில் விழவிழ சனாவுல்லா, வெறும் இரும்புக்கு முன்னால் அல்லா பேரைச் சொல்ல வைத்துவிட்டோமே என்று நடுங்கினான். போதாததற்கு, தோள் மாற்றின ஓர் ஆள் "என்னா இப்பிடி கனக்குது" என்று முணுமுணுத்தான். நல்லவர்களின் சந்தூக்கு பூப்போல இருக்கும் என்று நம்புகிற ஊர். நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பாவமும் அறியாத மனுஷனை உயிரோடு தூக்கிக்கொண்டு போவது மட்டும் இல்லாமல், பாவி என்றும் பேர் வாங்கிக் கொடுத்தாயிற்று. இது வெளியே தெரிந்தால் தன் கதி என்ன என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டே அழுதான். பார்த்தவர்கள் எல்லாரும், மருமகன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

குயவர் தெரு முனையில் அவன் இடப்பக்கம் திரும்பப் பார்த்தான். துக்கத்தில் வழி தெரியாமல் தடுமாறுகிறான் என்று நினைத்து, கூட்டம் அவனை அணைத்துப் பிடித்து வலப்பக்கம் அவன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பே யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருந்தார்கள். வாசலில் பெண்கள் நிறைந்து கிடந்தார்கள். இதே ஜில்லாவில் மங்களூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குத் தந்தி கொடுக்க ஷபியுல்லா ஆளும் அனுப்பியாயிற்று.

முற்றத்தில் இறக்கினார்கள். "பொண்ணு மொகம் பாக்கட்டும், வுடுங்க" என்று ஒரு குரல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜைத்தூன் வந்தாள். அவள் உட்கார்ந்து பச்சைத் துணியின் முடிச்சை அவிழ்த்து விலக்கினாள். உள்ளே இரும்புக் குழாயும், அதைச் சுற்றி வாடிப்போன பூசணிக்கொடியும் இருந்தன.

ஜைத்தூன் துணியை இன்னும் கொஞ்சம் விலக்கித் தேடினாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது. "அப்ப அத்தா இருக்காரா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். "அல்லாவே, எங்கத்தா இருக்காரு" என்று அவள் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்து, "எப்பிடி இருக்காரு? கஞ்சி குடிச்சாரா?" என்று கேட்டாள்.

அத்தனை பேர் நின்றார்கள். சனாவுல்லா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதில் வராமலே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகுதான் ஆட்கள் ஒவ்வொருவராகக் காறித் துப்பிவிட்டுக் கிளம்பினார்கள். ஷபியுல்லா மட்டும் தோளைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்று, மங்களூரிலிருந்து அழுதுகொண்டே இறங்கினவர்களை மறித்து, யாரும் சாகவில்லை, திரும்பிப் போங்கள் என்று சொல்கிற வேலை அவன் தலையில் விழுந்தது. மூன்று பஸ்ஸு. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முதலிலிருந்து சொன்னான். ஜைத்தூன் ஏழு மாச வயிற்றோடு பக்கத்து வீட்டு ராஜம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறியதையும் அங்கே நின்றுதான் பார்த்தான். கூட வரட்டுமா என்று கேட்காமலே அடுத்த மங்களூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தான்.

சட்டம் விருத்தகிரி வீட்டுக்கே போனது. சுடாத பச்சைப் பானைகளைக் காயவைக்க அதன் மேல் பலகை போட்டுக்கொண்டார்கள். சனாவுல்லா அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டான். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் கையைக் கழுவிக்கொண்டு வருகிறவனாகிப் போனான்.

இஸ்மாயில் இருபது நாள் கழித்து உடம்பு தேறி வந்தார். சனாவுல்லா ஒரு வாரம் தலைகாட்டவில்லை. எட்டாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனான். கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். திட்டத்தான் போகிறார் என்று சனாவுல்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார். யார் யார் தோள் கொடுத்தார்கள் என்று கேட்டார். அவன் பேர் பேராகச் சொன்னான். ராஜாங்கம் கடையைச் சாத்தினாரா என்று கேட்டார். சாத்தினார் என்றான். ஒவ்வொரு பேருக்கும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. இத்தனை பேருக்குத் தன்மேல் பிரியமா என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டார்.

"நீ ரொம்ப அழுதியாமே தம்பி. ஷபி சொன்னான்."

எனக்காகத்தான் அழுதேன் மாமா, மாட்டிக்கொள்வேனே என்றுதான் அழுதேன், இரும்பைப் பார்த்ததும் உங்களை நான் நினைக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"ஆமா மாமா" என்றான்.

இஸ்மாயில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அது போதும்பா எனக்கு" என்றார்.