அண்ணனுக்கு ஒரு போர்டு

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சென்ற மாதம் திருவனந்தபுரத்தில், ஆட்கள் கூடுகிற ஒரு வீதியில், உயிரோடு இருக்கும் மனிதர் ஒருவருக்கு அஞ்சலி போர்டு வைத்தேன். ஆறடிக்கு நாலடி. சுற்றிலும் கறுப்புப் பட்டை, கீழ் மூலையில் இரண்டு ரோஜாப்பூ. இறந்தவர் ஒருவர், படத்தில் இருந்தவர் வேறொருவர். நல்லவேளையாகப் படத்தில் இருந்தவர் இங்கிலாந்தில் எங்கோ வசிக்கிறார். மலையாளம் வாசிக்க வராது. இந்தப் பக்கம் பஸ் ஏறி வருகிற வழக்கமும் கிடையாது.

இறந்தவர் ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் நான் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று நாலு பேர் போன் செய்வார்கள். எங்களுக்கு அவர் அண்ணன். திருவனந்தபுரத்தில் மதிப்புக்குரியவர் யாராக இருந்தாலும் அண்ணன்தான். வெள்ளைக்காரர் என்பதற்காக விட்டுவிட முடியுமா? காலையில் பல் தேய்த்தபடி கைபேசியைத் திறந்தேன். ரசிகர் குழுவில் ‘அண்ணன் போயி’ என்று ஒரே வரி. துக்கத்தில் வாயிலிருந்த பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மானவீயம் வீதியில் கூடுவது, இளைஞர்களின் குழு ஒன்று அண்ணனின் பாட்டுகளை வாசிப்பது, போர்டு என் பொறுப்பு என்று முடிவாயிற்று. கேரளத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு டாக்டர் சான்றிதழ் மட்டும் போதாது. முக்கில் ஒரு போர்டு வர வேண்டும். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர்களே நம்புவார்கள்.

சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். பிளெக்ஸ் அடிக்கும் கடைக்குள் நுழைந்ததும் ஒரு மணம் மூக்கைச் சுரண்டியது. மையின் மணமாக இருக்கும். எனக்கு அது ஸ்பிரிட்டின் மணமாகத்தான் பட்டது. குடிக்கிற ஸ்பிரிட் இல்லை, பஞ்சில் தொட்டு டேப் ஹெட்டைத் துடைக்கிற ஸ்பிரிட். காரணம், அந்தக் கட்டடத்தில் அதே அறையில்தான் ஒரு காலத்தில் ராஜன் சேட்டனின் ரிக்கார்டிங் கடை இருந்தது. நாகர்கோவிலில் நான் பி.காமை முடித்து, அல்லது பி.காம் என்னை முடித்து, பிழைப்புத் தேடி வந்து சேர்ந்த முதல் வேலை அதுதான்.

உங்களுக்கு இப்போது அந்தத் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆட்கள் வெற்று காசெட்டும், வேண்டிய பாட்டுகளை எழுதிய துண்டுக் காகிதமும் கொண்டுவந்து தருவார்கள். பதிந்து கொடுக்க வேண்டும். பதிவதற்கு முன் ஒலியைத் திருத்த ஒரு பெட்டி உண்டு. முகத்தில் வரிசையாக ஏற்றி இறக்கும் குமிழ்கள். இடப்பக்கம் கனத்த சத்தம், வலப்பக்கம் கீச்சுச் சத்தம். ராஜன் சேட்டன் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு, நடுவில் இருக்கிறவன் நன்றாக இருப்பான் என்று நினைக்கிற சாந்தமான மனிதர்.

டென்னிஸ் வந்த பிறகு எதுவும் நடுவில் இருக்கவில்லை. அவன் அப்பா கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து விழிஞ்ஞத்துக்குக் குடியேறியவர். டென்னிஸ் திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டு பாடும் கானமேளைக் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தான். கப்பலில் வேலை பார்த்த தாய்மாமன் கொண்டுவந்த ஒரு காசெட்டைப் பிரதி எடுக்க வந்தான். போட்டோம். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று ஒரு எழுத்தும் புரியவில்லை. யாரோ அவர் காலை மிதித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். டென்னிஸ் என் தோளைத் தட்டினான்.

“பாடுறவன விடு மக்கா. அவனுக்குக் கீழ ஒருத்தன் நடக்கான் பாரு. அவனக் கேளு.”

கேட்டேன். நடந்துகொண்டிருந்தார். மேலே எத்தனை கலவரம் நடந்தாலும் அவசரப்படாமல், வீட்டுக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு போகிறவரைப்போல, அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அண்ணன் ஆனவர்தான்.

ஆனால் எங்கள் கடை ஸ்பீக்கரில் அவர் சரியாக வரவில்லை. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதே தெருவில் பெரிய மண்பானை ஒன்று வாங்கிவந்து, அதன் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் காலத்தில் பல வீடுகளில் செய்த வித்தைதான். பானைக்குள்ளிருந்து அண்ணன் எழுந்து வந்தார். தரை அதிர்ந்தது. ராஜன் சேட்டன் மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து, வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“எடோ, இவிட வேலை காசெட்டா, சோறு வடிக்கிறதா?”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ருசி கண்டவன் நிறுத்துவானா? வாடிக்கையாளர் எவர் வந்தாலும் இடப்பக்கக் குமிழ்களை உச்சியில் ஏற்றி, வலப்பக்கத்தைத் தரையில் இறக்கிப் பதிந்து கொடுக்க ஆரம்பித்தேன். கல்யாணப் பாட்டு, தாலாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. விதுரா பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு அதிகாலையில் போடுகிற பக்திப் பாட்டுகளையும் அப்படியே கொடுத்துவிட்டேன். கமிட்டிக்காரர் இரண்டு பஸ் மாறி வந்து காசெட்டை மேசையில் வைத்தார். குழாய் ஸ்பீக்கரில் பாட்டே வரவில்லையாம். பக்கத்து வீட்டில் யாரோ உரல் இடிக்கிற மாதிரி இருந்ததாம். தேவி எழும்ப வேண்டும், பேடித்து ஓடக் கூடாது என்று மிக மரியாதையாகச் சொன்னார். ராஜன் சேட்டன் என்னைத் திட்டவில்லை. குமிழ்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

அந்தக் கப்பல் காசெட்டின் உறையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் இருந்தது. பனிமூட்டத்தில் நாலு பேர். யார் கையிலும் வாத்தியம் இல்லை. முகத்தைவிட முடி அதிகம். இதில் அண்ணன் யார்? எனக்குச் சந்தேகமே இல்லை. இடது ஓரத்தில் நெட்டையாக, கன்னம் ஒட்டி, உலகத்தின் சோகத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாரே, அவர்தான். இத்தனை ஆழமாக வாசிக்கிறவர் வேறு எப்படி இருப்பார்? டென்னிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. வலது ஓரத்தில் குட்டையாக ஒருவர் நின்றிருந்தார். அவரைக் காட்டினான்.

“சோறு தின்ன நேரமாச்சேண்ணு நிக்கான் பாரு, அவனாக்கும். பேஸ் வாசிக்கவன் மொகம் அப்படித்தான் இருக்கும்.”

நான் விடவில்லை. வாத்தியம் எதுவும் தெரியாதவனுக்கு வாதம் நன்றாக வரும். டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், கடற்கரையில் என்று பல மாதம் பேசியே அவனைக் களைக்க வைத்தேன். கடைசியில் அவன் பேசாமல் இருந்ததை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

டென்னிஸ் கோயில் திருவிழாக்களில் வாசிக்கிறபோது பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிபயருக்கு ஒட்டினாற்போல நிற்பான். மேடைப் பலகை காலுக்குச் சொல்லுமாம். பெட்டியிலிருந்து தள்ளி நில் என்று ராஜன் சேட்டன் சொல்வார். அவன் சிரிப்பான். பிறகு ரிக்கார்டிங் கடை போயிற்று. நான் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் எழுதப் போனேன். டென்னிஸ் மேலும் பல வருஷம் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றான். சந்திப்பது குறைந்து, கிறிஸ்துமஸ் கேக்கோடு நின்றது. பிறகு கேக்கும் நின்றது.

அண்ணன் போன அன்று டென்னிசைக் கூப்பிட்டேன். அவன் மனைவி ஸ்டெல்லா எடுத்தாள்.

“அவருக்கு இப்ப போன் கேக்காது அண்ணே. நான் பேசுனாலும் என் வாயத்தான் பாத்துட்டு இருப்பாரு.”

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை என்பதைவிட, நான் கேட்கவில்லை என்பதே சரி. ஸ்டெல்லா நிதானமாகச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்றாம். காதில் வைக்கிற மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். எவர்சில்வர் தட்டை அடுக்கோடு கீழே போடுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டானாம். சர்ச்சில் பாட்டு ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய், மதில் பக்கம் நிற்கிறானாம். அண்ணன் இறந்ததைக் காகிதத்தில் எழுதிக் காட்டினாளாம். வாசித்துவிட்டு, பழைய கப்பல் காசெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போடுவதற்கு வீட்டில் டேப் இல்லை. இருந்தாலும் அவனுக்கு என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை அழைத்து வர முடியுமா என்று கேட்டேன்.

“கூட்டிட்டு வந்து? எல்லாரும் கேக்குறத அவரு நிண்ணு பாக்கணுமா?”

ஒன்றுமே கேட்பதில்லையா என்றேன். அப்படிச் சொல்ல முடியாது என்றாள். லாரி போனால் திரும்பிப் பார்ப்பானாம். துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிய காலத்தில் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவானாம். மேலே உள்ள சத்தம் போய்விட்டது, அடியில் உள்ளது கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.

எனக்கு ரிக்கார்டிங் கடைக் குமிழ்ப் பெட்டியின் முகம் கண்முன் வந்தது. வலப்பக்கம் எல்லாம் தரையில். இடப்பக்கம் மட்டும் எழுந்து நிற்கிறது. அந்தக் கணக்கில் நான் ஊருக்கே பதிந்து கொடுத்தவன்.

“ஸ்டெல்லா, நீ கூட்டிட்டு வா. ஒரே ஒரு பாட்டு.”

“அவருக்குக் கேக்கலண்ணா உங்க வீட்டுல வந்து சண்ட போடுவேன்” என்றாள். மிரட்டல் மாதிரி இல்லை. கெஞ்சல் மாதிரி இருந்தது.

இதையெல்லாம் கேட்ட கலக்கத்தோடுதான் பிளெக்ஸ் கடைக்குப் போனேன் என்பதைக் கவனிக்க வேண்டும். பத்திரிகையில் வந்த படத்தில் தலை வழுக்கையான ஒரு கிழவர் இருந்தார். வயதான வெள்ளைக்காரர்கள் எல்லாரும் எனக்கு ஒரே ஆள்தான். நான் பழைய காசெட் படமே வேண்டும் என்றேன். கடைக்காரர் தேடி எடுத்து, நாலு பேரில் யார் என்று கேட்டார். இத்தனை கால ரசிகனிடம் கேட்கிற கேள்வியா? நெட்டையின் மேல் விரலை வைத்தேன்.

மானவீயத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். என் வயதுக்காரர்கள், பழைய கறுப்புப் பனியன்களை வயிற்றுக்குமேல் இழுத்துவிட்டு, உள்ளே இழுத்த வயிற்றோடு துக்கம் அனுசரித்தார்கள். போர்டின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, பூ போட்டோம். ஒரு நிமிட மௌனம். அண்ணனுக்கு அது பொருத்தம்தான். அவர் வாசித்துக்கொண்டிருந்தபோதே பாதிப் பேருக்கு அவர் வாசிப்பது தெரியாது. போர்டைப் படம் எடுத்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகையை அடக்குகிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன்.

டென்னிஸ் வந்தான். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் காசெட்டின் வீக்கம். தலை முழுக்க நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான். போர்டின் முன் போய் வெகுநேரம் நின்றான். அவனைத் தனியாக விட்டுவிட்டு, ஒலிப் பலகையில் இருந்த தாடிக்காரத் தம்பியிடம் போனேன். ஒரு பாட்டுக்கு மட்டும் பேஸை முழுக்க ஏற்று, மற்றதையெல்லாம் இறக்கு என்றேன்.

“அங்கிளே, பாடுறவன் என்னைக் கொல்லும்.”

பாடுகிறவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு நான் காட்டிய மனிதனைப் பார்த்தான். பேஸை ஏற்றினான்.

டென்னிஸ் செருப்பைக் கழற்றினான். மேடையோரம் இருந்த ஆளுயரப் பெட்டிக்குப் பக்கத்தில், பலகையின்மேல் ஒரு காலை வைத்து நின்றான். கப்பல் காசெட்டின் முதல் பாட்டு. பாடுகிற பையன் வாயைத் திறந்தான். அவன் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். ஸ்டெல்லா காதைப் பொத்திக்கொண்டு டென்னிசையே பார்த்தாள். முதலில் அவன் முகத்தில் எதுவும் இல்லை. நான் என் வீட்டு வாசலில் நடக்கப்போகிற சண்டைக்குத் தயாரானேன். பிறகு அவன் இடது கை விரல்கள் வேட்டி மடிப்பின்மேல் அசைய ஆரம்பித்தன. பாட்டுக்கு ஒரு இம்மிகூடப் பிந்தவில்லை. ஸ்டெல்லா காதிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். ராஜன் சேட்டன் இல்லை. கடையைக் காலி செய்த அன்று பானையை நானே படிக்கட்டில் போட்டு உடைத்தேன், கைதவறித்தான். பாட்டுகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டு நிற்கிறவர்கள் இல்லை. டென்னிசுக்குக் குக்கர் விசில் இல்லை, குயில் இல்லை, பேத்தியின் குரல் எப்படி இருக்கும் என்பதே தெரியாது. பாடுகிறவனை விடு என்று சொன்னவனிடமிருந்து பாடுகிறவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கீழே ஒருவர் மட்டும் தேங்காய் வாங்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அவரும் அந்த வாரம்தான் போயிருந்தார்.

பாட்டு முடிந்தது. கைபேசியில் பெரிய எழுத்தில் ‘கேட்டுதா மக்கா?’ என்று அடித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். வாசித்தான். செருப்பைத் தேடிக் காலை நுழைத்தான்.

“கேட்டுது, போர்டுல நிக்கது ட்ரம்ஸ் அடிக்கவனாக்கும்” என்றான்.