அத்தானுக்குத் தெரிந்த வீடு

போன வருடம் என் வீட்டு வாசற்கதவுக்குச் சிவப்பு நிறம் அடித்தேன். இரண்டு கிழமையில் நகரசபையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கெமேன்ட என்று இங்கே சொல்வார்கள். அதன் கடித உறையை நம்மவர்கள் இன்றைக்கும் உடனே பிரிக்கமாட்டார்கள். நான் இருக்கும் மிடில்பர்க், நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பழைய துறைமுக ஊர். என் தெரு பாதுகாக்கப்பட்ட நகரத் தோற்றம் என்ற வகைக்குள் வருகிறதாம். வீடு என்னுடையதுதான், ஆனால் வீட்டின் முகம் ஊருடையது. ஆகவே ஆறு கிழமைக்குள் கதவு பழைய கரும்பச்சைக்குத் திரும்ப வேண்டும். மட்டக்களப்பில் ஒருவன் தன் வளவுக்குள் அரண்மனையே கட்டினாலும் கேட்க ஆளில்லை. எல்லைக் கல் ஒரு சாண் நகர்ந்தால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இதையெல்லாம் சொல்லி நான் அலுத்துக்கொண்டபோது, மூன்று மாத விசாவில் வந்து என்னோடு நின்ற அக்கா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்ல சட்டந்தானே தம்பி. வீட்டுட முகத்த மாத்தினா வாற ஆக்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. அதே நாளில் மட்டக்களப்பு நாவற்குடாவில் அவளுடைய வீட்டின் முன்பக்கத்தை, என் ஏற்பாட்டில், அவளுக்குத் தெரியாமல், மேசன்மார் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து அவளுடைய வீட்டில் குடியிருப்பார். ஆண்பிள்ளை கலியாணம் கட்டிப் போகிற வீட்டில் வாழ்வான். ஆனால் சகோதரியின் வீட்டைக் கட்டி முடிப்பது அவன் தலையில் எழுதியிருக்கிறது. எங்கள் அப்பா வீட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் செத்துப்போனார். நான் அப்போது சின்னவன். ஆகவே மிச்சத்தை அக்காவைக் கட்டிய அத்தான் முடித்தார். புளியந்தீவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே சீமெந்து குழைத்து விறாந்தைக்கு அரைச்சுவரும் இரண்டு உருண்டைத் தூண்களும் எழுப்பினார். ஒரு தூண் சற்றுச் சாய்வு. இரண்டுக்கும் நீல நிறம் அடித்தார். வேலிக்கடப்பில், வளவுக்குள் நுழைகிற இடத்தில், ஒரு பூவரசங்கம்பு நட்டார். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், யுத்த காலத்தில், ஒருநாள் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மகள் சுதா அப்போது கைக்குழந்தை. யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது, ஒன்றுக்கும் சாட்சி இருக்கவில்லை. அடுத்தது நான்தான் என்று பயந்து அக்கா என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினாள். அத்தானுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க அவள் இன்றுவரை கையெழுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு சித்திரைக்கும் அந்தத் தூண்களுக்கு அதே நீலத்தை அடித்து வந்தாள்.

“ரோட்டுக்குக் கார்பட் தார் போட்டாச்சு. கல்லடியில புதுப்பாலம் வந்தாச்சு. ஒழுங்கையில அப்ப இரிந்த கடையொண்டும் இப்ப இல்ல. அவருக்கு அடையாளமெண்டு இரிக்கிற இது மட்டுந்தான்” என்று தொலைபேசியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஓடு ஒழுகுகிறது, தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று அதே வீட்டில் இருக்கும் சுதா சொன்னது உண்மை. தம்பி ஒல்லாந்தில், அக்கா இன்னும் ஓலை வேலிக்குள் என்று ஊரில் யாரோ சொன்னது எனக்குச் சுட்டதும் உண்மை. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அக்கா காத்திருப்பதை நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். அதை முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் மேசனை அனுப்பினேன்.

கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஊர் பார்க்கக் கூட்டிப்போனேன். வரலாற்றுச் சங்கம் ஒன்று இலவசமாக நகரத்தைச் சுற்றிக் காட்டும். எங்களுக்கு வாய்த்தவர் மரீக்க என்ற எழுபது வயதுப் பெண். மிடில்பர்க் வட்டமாக அமைந்த ஊர். ஆதியில் ஒரு மண்கோட்டை இருந்ததாம், அதன் வளைவையே தெருக்கள் இன்றைக்கும் பிடித்திருக்கின்றன. நடுவில் துறவி மடம், சுற்றிலும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு ஓடும் ஒடுங்கிய தெருக்கள், வெளியே வளையமாகத் தண்ணீர். அக்கா படிக்கல் போல ஏறி இறங்கும் கூரை முகப்புகளை அண்ணாந்து பார்த்து நடந்தாள். நகரமண்டபத்துக்கு முன்னால் மரீக்க இரண்டு படங்களை எடுத்துக் காட்டினார். ஒன்றில் கருகிய சுவர்கள் மட்டும். போன உலக யுத்தத்தில் ஊரின் நடுப்பகுதி முழுவதும் எரிந்துபோனது. மற்றதில் இப்போது எங்கள் கண்முன் நிற்கும் அதே மண்டபம். மிஞ்சிய சுவரை வைத்துக்கொண்டு, பழைய படங்களைப் பார்த்து, கல்லுக்குக் கல் திரும்பக் கட்டினார்களாம்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா படத்தையும் மண்டபத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“இவங்களும் ஆரையோ பாத்துக்கொண்டுதான் இரிக்காங்க போல” என்றாள்.

என்ன சொல்கிறார் என்று மரீக்க கேட்டார். அழகாக இருக்கிறதாம் என்றேன்.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. சுதா அனுப்பிய படம். பூவரசு வெட்டப்பட்டு முற்றத்தில் குறுக்கே கிடந்தது. மதிலுக்கு அத்திவாரம் தோண்ட அது இடைஞ்சல் என்று மேசன் சொன்னானாம். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் அந்த மஞ்சள் கையை அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டேன்.

நாங்கள் மட்டக்களப்பு என்று தெரிந்ததும் மரீக்கவின் முகம் கொஞ்சம் வாடியது. இந்தத் துறையிலிருந்து போன கப்பல்கள்தான் உங்கள் ஊரையும் பிடித்தன, அங்கே எங்களவர் கட்டிய கோட்டை இருக்கிறது, அதற்காக எனக்கு வெட்கம் என்றார். உண்மையான வருத்தம்தான். அக்காவுக்குச் சொன்னேன்.

“நல்ல சுவரெண்டு சொல்லு. மொத்தமான சுவர். மத்தியானத்திலயும் நிழல் இரிக்கும். நான் எத்தின நாள் அதில சாஞ்சு நிண்டிரிக்கன்” என்றாள்.

நான் அப்படியே சொன்னேன். மரீக்க மலர்ந்துபோய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். முந்நூறு நானூறு வருடத்துக் கட்டடக்கலையை ஒரு மட்டக்களப்புப் பெண் மெச்சுகிறாள் என்று நினைத்திருப்பார். மிச்சத்தைச் சொல்லி அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இதுதான். அத்தான் வராமல் போன அந்த மாதங்களில் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு, தினமும் கல்லடிப் பாலத்தைக் கடந்து புளியந்தீவுக்குப் போவோம். கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயம் அப்போது கோட்டைக்குள் இருந்தது. மனுக் கொடுக்க வந்த பெண்களின் வரிசை வாசலுக்கு வெளியே நீளும். வெயில் ஏற ஏற வரிசை கோட்டைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து ஆஸ்பத்திரி, பிறகு பாதிரியாரிடம், பிறகு அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடங்கள். வாவியில் ஏதோ ஒதுங்கிக் கிடக்கிறது என்று யாரும் சொன்னால் அங்கேயும். உல்லாசப் பயணிகள் கையேட்டோடு கொத்தளம், அகழி, பீரங்கி, தேவாலயக் கோபுரம் என்று பார்த்துப் போகிற அந்தத் தீவை நானும் அக்காவும் வேறு கணக்கில் அறிந்திருக்கிறோம். எந்தப் படியில் உட்கார விடுவார்கள், எந்த வாசலில் நிற்கவே விடமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு நகரத்தை அப்படிப் பாடமாக்கியவனுக்கு அதன் அழகு பிறகு கண்ணில் படவே படாது. எனக்கு இன்றும் படவில்லை.

விசா முடிய அக்காவோடு நானும் ஊருக்குப் போனேன். கொழும்பிலிருந்து வாடகை வான் பிடித்து, பிற்பகல் மூன்று மணியளவில் நாவற்குடாவுக்குள் நுழைந்தோம். சாரதிக்குப் பக்கத்தில் இருந்து அக்காதான் வழி சொல்லிக்கொண்டு வந்தாள். ஒழுங்கைக்குள் திரும்பியதும் நான் முன்னுக்குச் சாய்ந்து அவள் முகத்தை எட்டிப் பார்த்தேன். அவள் கண்டு வாயைப் பொத்திக்கொள்ளப் போகிற அந்த நிமிடத்தை மூன்று மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆளுயர மதில், கறுப்பு இரும்புக் கேற், அதற்கு மேலால் தெரிகிற சதுரத் தூண்கள், பளிங்குக்கல் பதித்த முகப்பு. வான் அதைக் கடந்தது.

“இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போங்க மனே” என்றாள் அக்கா.

சாரதி போனான். ஒழுங்கை முடிந்து வாவிக்கரை வந்துவிட்டது. அக்கா யன்னலால் தலையை நீட்டி இடதும் வலதும் பார்த்தாள். வேறு ஒழுங்கைக்குள் விட்டுவிட்டாய் என்று சாரதியை ஏசினாள். பிறகு பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, ஏச்சை நிறுத்தினாள்.

“தம்பி, நம்மட வீடு எங்க?”

வாழ்க்கையில் எத்தனையோ அதிகாரிகள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதைப் போல ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அந்த வளவில் பிறந்து, நாற்பது வருடமாக அந்த வீட்டில் விளக்கேற்றியவள் அதன் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

வானைத் திருப்பிக்கொண்டு வந்தோம். கேற்றடியில் சுதா சிரித்துக்கொண்டு நின்றாள். அக்கா இறங்கி மதிலைத் தொட்டுப் பார்த்தாள். பூவரசு நின்ற இடத்தைக் காலால் ஒருமுறை துழாவினாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நல்லது. நேரே பின்பக்கம் போய்ப் பழைய சமையல் குசினிக்குள் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள். அங்கே மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். பிழை என்னுடையதுதான், மதிலை உடைக்கச் சொல்கிறேன், பழைய படங்கள் இருக்கின்றன, அதே மாதிரித் தூண் கட்டலாம், நீலம் அடிக்கலாம் என்றேன். அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அத ஆரு கட்டுவான்? மேசனா? அவரு கட்டின தூண் சரிஞ்செல்லோ இரிந்த. அந்தச் சரிவ மேசன் கட்டுவானா?”

நான் எழும்பப் பார்த்தேன். அவள் திரும்பாமலே, “நீ நல்லதுக்குத்தான் செஞ்சாய். எனக்குத் தெரியும்” என்றாள். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் அக்கா ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கேற்றுக்கு வெளியே போனாள். மதிலுக்கு முதுகைக் கொடுத்து ஒழுங்கையைப் பார்த்து உட்கார்ந்தாள். வெயிலுக்குள் என்னத்துக்கு என்று சுதா வந்து கெஞ்சினாள்.

“வீடு தெரியாட்டியும் அவருக்கு என்னத் தெரியும்தானே” என்றாள் அக்கா.

அவளுக்கு வயது அறுபத்தாறு. அத்தான் கண்டது முப்பத்தொரு வயதுக்காரியை. அது அவளுக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் உட்கார்ந்திருக்கிறாளா என்று கேட்க நான் யார்? நான் திரும்ப வேண்டிய நாள் வரும்வரை காலையும் மாலையும் அவள் அங்கேதான் இருந்தாள். கடைசி நாள் காலையில் நானும் எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில், மதிலில் சாய்ந்து நின்றேன். உள்ளே போக எனக்கு மனமில்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து எங்களருகில் நிறுத்தினார். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர் போல, என் சப்பாத்தையும் சட்டையையும் பார்த்தார்.

“ஐயா ஆரத் தேடி வந்த?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னாள். “என்ட தம்பிதான் மனே. கனகாலம் கழிச்சு வந்திரிக்கான். வீடு தெரியாம நிக்கான்.”

அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். முகத்தில் இரக்கம் வந்தது. “விசாரிச்சுக்கொண்டு போனா ஆராவது காட்டுவாங்க ஐயா” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஓம் என்றேன். மோட்டார் சைக்கிள் பெரிய ரோட்டுப் பக்கம் போய் மறைந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.